மூச்சை விட்டுட்டு நில்லுங்க

கொத்தமங்கலத்துல சத்தியப்பிரியாகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கிற பொம்பளைக எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவ டேப்பைக் கையில எடுத்தாப் போதும், வயித்தை எக்கிக்கிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நின்னுக்குவாக. உள்ளே போன மூச்சு வெளிய வராது. அந்த அளவுல தைச்சா ஜாக்கெட் எப்படிப் பத்தும்? வீட்டுக்குப் போயி மூச்சு விட்டதும் கொக்கி தெறிச்சிரும். தெறிச்ச கொக்கியைக் கையில வச்சுக்கிட்டு வந்து, "ஏண்டி, உனக்கு அளவெடுக்கவே தெரியலையே"ன்னு அவளையே வைவாக.

அளவு ஜாக்கெட் கொண்டாரச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேக்காதீக. அது அதைவிட மோசம். கல்யாணமான புதுசுல தைச்சதைக் கொண்டாந்து, "இதே அளவுதான், நான் ஒண்ணும் மாறலை"ன்னு கூசாமச் சொல்லுவாக.

பதினோரு வருசமாத் தைக்கிறவளுக்கு இதுக்கு ஒரு வழி தெரியாதா? முதல்ல, "மூச்சை விட்டுட்டு நில்லுங்க"ன்னு சொல்லிப் பார்த்தா. சொன்னதும் இன்னும் இறுக்கிப் பிடிச்சாக. அப்புறம்தான் ஒரு யோசனை தோணுச்சு. டேப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு, வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு, "காலையில என்ன சமைச்சீக?"ன்னு கேப்பா. அம்புட்டுத்தான். பேசிக்கிட்டே வயித்தை எக்க உலகத்துல எந்தப் பொம்பளையாலயும் முடியாது. மொச்சைக் குழம்புல ஆரம்பிச்சு, மருமக உப்பை அள்ளிக் கொட்டினதுல வந்து நிக்கையில உடம்பு தன்பாட்டுக்கு இறங்கி நிக்கும். சட்டுனு டேப்பைச் சுத்தி அளவை எடுத்துருவா.

ஊரையே இப்படிப் பேச வச்சு அளவெடுத்தவ, தன்னை ஒருத்தி அளக்க வந்தப்போ மட்டும் வயித்தை எக்கிக்கிட்டு நின்னுட்டா. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

சத்தியப்பிரியாவை ஊருல சத்யாம்பாக. வயசு முப்பத்திரண்டு. புருசன் வீரபாண்டியனுக்கு ஆத்தங்குடியில தரைக்கல்லு பட்டறையில வேலை. ஒரே மக விசாலி, நாலாப்பு படிக்கிறா. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒத்தை ஷட்டர் போட்ட கடைதான் சத்யாவோட தையல்கடை. பார்க்க ஆளு நல்லாத்தான் இருப்பா. பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்கிறதுதான் அவளைப் பிடிச்ச சனியன்.

நோயை எதிர்த்து நிக்கிறதுக்கு நம்ம ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. அது அவ உடம்புல பிறவியிலேயே சரியாச் சுரக்கிறதில்லை. நமக்குச் சளி பிடிச்சா நாலு நாள்ல போயிரும். அவளுக்கு அது நெஞ்சுக்குள்ள இறங்கி நிமோனியாவுல போய் நிக்கும். சின்ன வயசுல காதுல சீழ், பெரியவளானதும் வருசத்துக்கு ரெண்டு தடவை நிமோனியா. 'சளி உடம்பு'ன்னு சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வயசு வரைக்கும் ஓட்டிட்டாக. கடைசியில மதுரையில ஒரு பெரிய ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மாதான், "ஒரே ஆளுக்கு இத்தனை நிமோனியா எதுக்கு வரணும்?"னு கேட்டு, ரத்தத்தை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாக.

இதுக்கு மருந்து உண்டு. ஆயிரக்கணக்கான பேர் தானமாக் குடுக்கிற ரத்தத்துலேர்ந்து அந்தப் புரதத்தைப் பிரிச்செடுத்து, பாட்டில்ல அடைச்சு, நாலு வாரத்துக்கு ஒருக்கா நரம்பு வழியா ஏத்துவாக. காலையில ஆரம்பிச்சா மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிரும். ஏத்தின முதல் ரெண்டு வாரம் அவளைக் கையில பிடிக்க முடியாது. மூணாம் வாரம் பரவாயில்லை. நாலாம் வாரம் வந்துச்சுன்னா மருந்து வடிஞ்சு போயிரும். அடிச்சுப் போட்ட மாதிரி கிடப்பா. காய்ச்சல் எட்டிப் பார்க்கும், கத்தரிக்கோலைப் பிடிச்சாக் கை நடுங்கும்.

இதை அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. சும்மா இல்லை, பட்டவ. நோய் தெரிஞ்ச புதுசுல, ஆசுபத்திரியில சொன்னதை அப்படியே, "எனக்கு எதிர்ப்பு சக்தி இல்லையாம்"னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லித் தொலைச்சா. எதிர்ப்பு சக்தின்னதும் சனத்துக்கு ஒரே ஒரு நோய்தான் ஞாபகம் வரும். மறுநாளே ரெண்டு பேர் வந்து, தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாக. அந்த நோய்க்காரங்களும் மனுசங்கதானே, அவங்ககிட்ட மட்டும் இப்படி நடந்துக்கலாமா, அது வேற பேச்சு. ஆனா இது அது இல்லை, இது ஒட்டாது, பிறவியிலேயே வந்ததுன்னு சத்யா வீடு வீடாப் போயா சொல்ல முடியும்? அன்னையிலேர்ந்து யார் எப்படி இருக்கேன்னு கேட்டாலும், கேட்டு முடிக்கிறதுக்குள்ள, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லப் பழகிட்டா. கொரோனா வந்து ஊரே மூக்கை மூடிக்கிட்டுத் திரிஞ்சப்போதான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஊரோட ஊரா அவளும் மூடிக்கலாம்ல.

அவளை அளக்க ஒருத்தி வந்தது போன ஆடி மாசம். ஆசுபத்திரியில மருந்து ஏத்துற கூடத்துல ஆறு நாற்காலி, ஆறு பேர். சத்யா பக்கத்துல வீரபாண்டியன் இளநியோட உட்கார்ந்திருந்தான். சுபான்னு ஒரு மதுரைப் பொண்ணு அட்டையும் பேனாவுமா வந்தா. டாக்டரம்மாகிட்ட ஆராய்ச்சி வேலை பார்க்கிறவ.

"அக்கா, ஒரு முப்பத்தஞ்சு கேள்வி இருக்கு. உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு மெஷின் சொல்லிரும். நீங்க எப்படி வாழுறீங்கன்னு மெஷினுக்குத் தெரியாதுல்ல? அதை அளக்கத்தான் இது. கடைசியில நூத்துக்கு எவ்வளவுன்னு மார்க் வரும்."

மார்க்குன்னு சொன்னதுதான் வினையாப் போச்சு. பத்தாப்புல கணக்குப் பாடத்துல முப்பத்தாறு வாங்கித் தப்பிச்சவ சத்யா. இதுலயாவது நல்லா வாங்கணும்னு நிமிந்து உட்கார்ந்தா. போதாக்குறைக்கு மத்த அஞ்சு பேரும் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காக.

"போன நாலு வாரத்துல, களைப்பால உங்க வேலை கெட்டுச்சா?"

"இல்லை." அதுக்கு முந்தின வாரம் நாலு நாள் ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு, துணி மூட்டை மேல படுத்துக் கிடந்தவ சொல்றா இதை.

"மாடிப்படி ஏறச் சிரமமா இருக்கா?"

"எங்க வீட்ல மாடியே இல்லையேம்மா. எனக்கென்ன சிரமம்?"

சுபா பேனாவைக் கடிச்சு யோசிச்சுப் பார்த்துட்டு, 'சிரமம் இல்லை'ங்கிற கட்டத்துல டிக் போட்டா.

"பிள்ளையோட விளையாட முடியுதா?"

"அவ பெரிய பிள்ளையாயிட்டா. அவளே விளையாடிக்குவா."

அதுக்கும் ஒரு டிக்.

"உடம்பு முடியாம, ஏதாவது விசேஷத்துக்குப் போக முடியாமப் போச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் சத்யா கொஞ்சம் தடுமாறினா. பங்குனியில அவ தம்பி பெத்தனுக்குக் கீழச்சிவல்பட்டியில கல்யாணம். சொல்லி வச்ச மாதிரி அவளுக்கு நாலாம் வாரம். பொண்ணு போட்ட ஜாக்கெட், அவ அம்மா போட்டது, சொந்தக்காரிக பதினேழு பேர் போட்டது எல்லாம் சத்யா தைச்சது. தனக்குன்னு எடுத்து வச்ச அரக்குப் பட்டுத் துணியை மட்டும் வெட்டக்கூட முடியலை. தாலி கட்டுறப்போ அம்மா வீட்டு உள்ரூம்புல போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தா. கெட்டிமேளம் மட்டும் ஜன்னல் வழியாக் கேட்டுச்சு. படுத்தபடியே கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கிட்டா.

"அதெல்லாம் எல்லாத்துக்கும் போயிட்டுத்தான்மா இருக்கேன்"னு சொன்னா. தான் தைச்ச ஜாக்கெட் பத்தொன்பதும் மேடையைச் சுத்தி நின்னுச்சே, அப்ப தான் போன மாதிரித்தானேன்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம். வீரபாண்டியன் நிமிந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். இளநிக்குள்ள ஸ்ட்ராவைச் சொருகி அவ கையில குடுத்தான்.

கூட்டிப் பார்த்தா தொண்ணூத்தி நாலு. "ஆறு பேர்ல நீங்கதான் அக்கா ஃபர்ஸ்ட்!"னு சுபா சொன்னா. சத்யாவுக்குத் தலைகால் புரியலை. வீட்டுக்கு வந்ததும் விசாலிகிட்ட, "உங்க அம்மா தொண்ணூத்தி நாலு மார்க்குடி"ன்னு பீத்திக்கிட்டா.

மூணு வாரம் கழிச்சு சுபா போன் பண்ணினா.

"அக்கா, நல்ல செய்தி. மருந்து வரத்து இப்போ குறைச்சலா இருக்கு. யாருக்கு எத்தனை வாரத்துக்கு ஒருக்கா ஏத்துறதுன்னு டாக்டர்கள் குழு திரும்பப் பார்க்குது. உங்க ரத்தத்துல புரத அளவு நடுத்தரம்தான். ஆனா வாழ்க்கைத் தரம் தொண்ணூத்தி நாலு இருக்குல்ல? அதனால இனிமே உங்களுக்கு அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா போதும்னு எழுதியிருக்காங்க. வர்ற இருபதாம் தேதி கூடி முடிவு பண்ணிருவாங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"ரொம்ப சந்தோசம்மா"ன்னு சொல்லிட்டுப் போனை வச்சா. சொல்லித் தொலைச்ச வாயை அவளே அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.

நாலாம் வாரத்தையே பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டுறா. அஞ்சாம் வாரம்னு ஒண்ணு வந்தா என்ன ஆகும்? டாக்டரம்மா ஒருக்கா படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தாக, ஒவ்வொரு நிமோனியாவும் நுரையீரல்ல ஒரு மூலையைக் கெடுத்துட்டுத்தான் போகும், கெட்டது திரும்ப வராதுன்னு. விசாலிக்கு இப்பத்தான் ஒன்பது. அவளை ஆளாக்க இன்னும் எத்தனை வருசத்துக்கு மூச்சு வேணும்! இதைப் போய்ச் சொல்லலாம்னா, அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஒத்துக்கணும். சொல்லாம விட்டா அஞ்சு வாரம். பயந்து செத்தா சத்யா. ரெண்டு நாளா அவ மிஷின்ல ஒரு தையல் நேராப் போகலை.

மூணாம் நாள் சிட்டாள் ஆச்சி கார்ல வந்து இறங்கினாக. பெரிய வீட்டு ஆச்சி. வருசத்துல பாதி நாள் சென்னையில பிள்ளைக வீட்ல, மீதி நாள் இங்க. செட்டியாருக்கு அறுபதாங் கல்யாணம், இன்னும் அஞ்சே நாள். அதுக்குத்தான் மயில்கழுத்துப் பட்டுல ஜாக்கெட் தைக்கக் குடுத்திருந்தாக. அதைக் கொண்டாந்து டேபிள்ல வீசினாக.

"ஏண்டி சத்யா, இதைப் போட்டுக்கிட்டு நான் மணையில எப்படி உட்காருறது? மூச்சு விடவா வேண்டாமா?"

"ஆச்சி, அளவு குடுக்கையில நீங்க வயித்தை எக்கிக்கிட்டு நின்னீக."

"நானா எக்குனேன்? நான் எப்பவும் நிக்கிற மாதிரித்தான் நின்னேன்."

"எக்குனீக ஆச்சி. நீங்க காட்டுனதைத்தானே டேப்பு சொல்லும்? அதுக்கு என்ன தெரியும், நீங்க வீட்டுக்குப் போயி எப்படி..."

பேச்சு அங்கேயே நின்னு போச்சு. சத்யாவுக்குச் சுபா கையில இருந்த அட்டை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ஆச்சி எக்கினதாவது கொக்கியோட போச்சு. தான் எக்கினது?

"என்னடி மூஞ்சி வெளுக்குது?"ன்னாக ஆச்சி. "எக்குனா என்ன இப்போ, ஊருல எவ எக்கலை? நீதான் எப்பவும் என்ன சமைச்சீகன்னு கேட்டுப் பேச்சுக் குடுப்பியே. அன்னைக்கு ஏன் குடுக்கலை?"

'எனக்கென்ன'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சத்யா அதை முழுங்கினா.

"அன்னைக்கு எனக்குப் பேச மூச்சு இல்லை ஆச்சி. உடம்பு முடியலை. மாசத்துல ஒரு வாரம் முடியறதே இல்லை."

சொல்லிட்டு, துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போன அந்த ரெண்டு பேரை நினைச்சுக்கிட்டு, ஆச்சி மூஞ்சியைப் பார்க்காம நின்னா. ஆச்சி ஜாக்கெட்டைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்து அவ பக்கம் போட்டாக.

"உட்காரு முதல்ல. அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஒரு வாரம் கழிச்சு வந்திருப்பேன்ல? நான் என்ன ஓடியா போறேன்?"

அம்புட்டுத்தான் சொன்னாக. அடுத்த வார்த்தை, "சரி, இதுல உள்ளே துணி விட்டிருக்கியா இல்லையா?"ங்கிறதுதான். சத்யா எப்பவும் ரெண்டு விரக்கடை துணியை உள்ளே மடிச்சு விட்டுத்தான் தைப்பா. எக்குறவளுக எத்தனை பேரைப் பார்த்தவ! "காலையில என்ன சமைச்சீக?"ன்னு கேட்டு, ஆச்சி பால் பணியாரத்துல ஆரம்பிச்சதும் புது அளவை எடுத்துக்கிட்டா.

அந்தப் புது அளவை எழுதத்தான் ஆர்டர் நோட்டை விரிச்சா. சத்யாவோட நோட்டு ஒரு தினுசா இருக்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் பேர், அளவு, டெலிவரி தேதி, பக்கத்துலேயே அந்தத் துணியில ஒரு துண்டைப் பின் அடிச்சிருப்பா. ஆச்சி பக்கத்துல டெலிவரி தேதியை அடிச்சு, வேற தேதி எழுதியிருந்துச்சு. முந்தின பக்கத்தைத் திருப்பினா, அங்கேயும் அடிச்சிருக்கு. இன்னும் நாலு பக்கம் தள்ளினா, அடிக்காத தேதியாவே வருது, அழகழகா. அப்புறம் மறுபடியும் வரிசையா அடி. பதினாலு மாசத்து நோட்டு. சத்யா ஒவ்வொரு பக்கமாத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. நாலு வாரத்துக்கு ஒருக்கா, தவறாம, கத்தையாத் தேதிகளை அடிச்சு வச்சிருந்தா. அவ வாய்தான் ஊருக்கெல்லாம் நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. கை அதுபாட்டுக்கு உள்ளதை எழுதிக்கிட்டே வந்திருக்கு.

சாயங்காலம் வீரபாண்டியன் சிமெண்டு கையோட வந்தான். கையைக் கழுவக்கூட விடாம நோட்டை அவன் முன்னாடி வச்சு எல்லாத்தையும் சொன்னா. அஞ்சு வாரங்கிறதைக் கேட்டதும் அவனுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

"நான் பக்கத்துலதானே புள்ள உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீக. அதான் சொன்னேன்."

"நீ அடுப்படியில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? கேட்டா நல்லா இருக்கேம்பே. நீ அப்படிச் சொல்றதைக் கேக்கறதுக்கு எனக்கும் பிடிச்சிருந்துச்சு. நானும் அதுக்கு மேல கேக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு"ன்னான். சத்யா அழுதுட்டா. அவனுக்கும் கண்ணு கலங்குச்சு. சிமெண்டு கையால துடைச்சு முகமெல்லாம் பூசிக்கிட்டான். அதைப் பார்த்து அழுகையோட அவளுக்குச் சிரிப்பும் வந்துருச்சு.

பதினெட்டாம் தேதி ரெண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினாக. அவளுக்கு நாலாம் வாரம், லேசாக் காய்ச்சல், ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சுக்கிட்டே போனா. ஆசுபத்திரியில டாக்டரம்மா முன்னாடி நோட்டை வச்சா. துணித்துண்டு குத்தின நோட்டை அவுக புரியாமத் திருப்பினாக.

"இது டெலிவரி தேதி டாக்டரம்மா. அடிச்சிருக்கிறது பூராம் நான் சொன்ன நாள்ல தைச்சுக் குடுக்க முடியாதது."

டாக்டரம்மா, மருந்து ஏத்தின நாள் எழுதின அட்டையை எடுத்து நோட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாக. பூராம் பார்த்து முடிச்சதும் கண்ணாடியைக் கழட்டிட்டாக. கோவம் வந்துருச்சு.

"பதினாலு மாசமும் நாலாம் வாரம் விழுந்திருக்கீங்க. அப்புறம் எதுக்கும்மா நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"

"நல்லா இருக்கியான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதானே டாக்டரம்மா சொல்லுவாக?"

டாக்டரம்மா சுபாவைக் கூப்பிட்டு, தனி ரூம்புல வச்சு முப்பத்தஞ்சு கேள்வியையும் திரும்பக் கேக்கச் சொன்னாக. வீரபாண்டியன் வெளிய பெஞ்சுல உட்கார்ந்தான்.

"போன நாலு வாரத்துல, களைப்பால உங்க வேலை கெட்டுச்சா?"

"இல்லை"ன்னா சத்யா. சொல்லிட்டு அவளே திடுக்கிட்டுப் போயிட்டா. பாருங்க, இத்தனை தூரம் பஸ் ஏறி வந்து, நோட்டையும் காட்டின பிறகு, வாய் அதே பாட்டைப் பாடுது!

"சுபா, இப்படிக் கேட்டா எனக்கு வராதும்மா. நான் அளவெடுக்கிற மாதிரி எடு. பேனாவைக் கீழே வச்சுட்டு, காலையில என்ன சமைச்சேன்னு கேளு."

சுபாவுக்கு விளங்கலை. இருந்தாலும் பேனாவை வச்சுட்டு, "காலையில என்ன சமைச்சீங்கக்கா?"ன்னு கேட்டா.

"எங்கிட்டுச் சமைச்சேன்? நேத்து மாவுல விசாலிக்கு ரெண்டு இட்லி ஊத்தி வச்சேன். ஊத்திட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். எந்திரிக்க முடியலை. அவளே தலையைச் சீவிக்கிட்டா, கோணல் வகிடு. அம்மா நீ படுத்துக்கன்னுட்டுப் போனா. ஒன்பது வயசுப் பிள்ளை என்னையப் பார்த்து அப்படிச் சொல்லலாமா சுபா? தண்ணிக் குடத்தைத் தூக்கி நாலு மாசமாச்சு. இவுகதான் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி பிடிச்சு வைக்கிறாக..."

பேசப் பேச அவ முதுகு நாற்காலியில சாய்ஞ்சுச்சு. தோள் இறங்குச்சு. பேச்சு பெத்தன் கல்யாணத்துல வந்து நின்னுச்சு. கெட்டிமேளத்துக்குப் படுத்துக்கிட்டே கும்பிட்டதைச் சொன்னப்போ குரல் உடைஞ்சு போச்சு. கூடப் பிறந்தவன் கழுத்துல மாலையோட நிக்கிறதை அவ போன்லதான் பார்த்தா. சுபா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால மெதுவா டிக் போட்டுக்கிட்டே வந்தா. மாடிப்படிங்கிற இடத்துல பென்சிலால 'தண்ணிக் குடம்'னு எழுதி வச்சா.

கூட்டினா நாப்பத்தி ஒண்ணு.

"ஃபெயிலா சுபா?"ன்னு கேட்டா சத்யா.

"இல்லக்கா. இப்பத்தான் நீங்க பரீட்சையே எழுதியிருக்கீங்க."

இருபதாம் தேதி குழு கூடி, ஆறு மாசத்துக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா ஏத்திப் பார்க்கலாம்னு முடிவு பண்ணுச்சு. தனக்குக் கூடுதலா வர்ற பாட்டில் யாரோட பங்கோன்னு சத்யாவுக்கு ஒரே உறுத்தல். சுபாகிட்டக் கேட்டா. சுபா அதுக்குள்ள ஒரு வேலை பண்ணியிருந்தா. திரையைப் போட்டு, மத்த அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தராத் தனியாக் கூப்பிட்டு, பேனாவைக் கீழே வச்சுட்டுப் பேச்சுக் குடுத்திருக்கா. அஞ்சுல நாலு பேருக்கு மார்க் மடமடன்னு இறங்கிருச்சு. அத்தனை பேரும் எக்கிக்கிட்டுத்தான் நின்னிருக்காக! அந்த மார்க்கெல்லாம் சேர்த்து வச்சு, மருந்து கூடுதலா வேணும்னு டாக்டரம்மா மேல எழுதிப் போட்டாக. கேட்டது முழுசா வரலை. ஆனாலும் யாருக்கும் அஞ்சு வாரம் ஆகாத அளவுக்கு வந்துச்சு.

மூணு வாரக் கணக்குக்கு மாறின பிறகு சத்யாவுக்கு உடம்பு பறந்துருச்சுன்னு சொன்னா நான் பொய் சொன்னவனாவேன். மார்கழிப் பனியில ஒரு நிமோனியா வந்து நாலு நாள் படுக்க வச்சுட்டுத்தான் போச்சு. ஆனா அந்த நாலாம் வாரங்கிறது காலண்டர்லேர்ந்தே காணாமப் போச்சு. விசாலி வகிடு நேராச்சு. கடையில யாராவது எப்படி இருக்கேன்னு கேட்டா, சத்யா இப்பல்லாம் ஒரு நிமிசம் யோசிச்சுட்டுத்தான் சொல்றா. "இன்னைக்குக் கொஞ்சம் முடியலைக்கா, வியாழக்கிழமை வாங்க"ங்கிறா. வியாழக்கிழமை வாராக. அதுல ஒருத்தி, அன்னைக்குத் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனவ.

ஆறு மாசம் முடிஞ்சு சுபா திரும்ப அளந்தா. அறுபத்தி மூணு. தொண்ணூத்தி நாலை மககிட்டப் பீத்திக்கிட்டவ, இந்த அறுபத்தி மூணை வீரபாண்டியன்கிட்ட மட்டும்தான் சொன்னா. பஸ்ல வரையில, அவன் காதுகிட்டப் போயி மெதுவாச் சொன்னா.

அந்த வாரமே கீழச்சிவல்பட்டியிலேர்ந்து பெத்தன் போன் பண்ணினான். அவன் பொண்டாட்டிக்கு வளைகாப்பு, அடுத்த ஞாயித்துக்கிழமை, முதல் வளையல் அக்காதான் போடணும்னு. சத்யா பீரோவைத் திறந்து அடியில கிடந்த அரக்குப் பட்டுத் துணியை எடுத்தா. மடிச்ச மடிப்பு கலையாம அப்படியே இருந்துச்சு.

ஊருக்கே தைக்கிறவளால தன் முதுகைத் தானே அளக்க முடியாதுல்ல. வீரபாண்டியனைக் கூப்பிட்டு டேப்பைக் கையில குடுத்து, எங்கே பிடிக்கணும், எங்கே சுத்தணும்னு சொல்லிக் குடுத்தா. சொல்லிட்டு நேரா நின்னா. டேப்பு பட்டதுதான் தாமசம், வயிறு உள்ளே போயி ஒட்டிக்கிச்சு.

வீரபாண்டியன் பார்த்தான். டேப்பை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டான். ஜன்னலுக்கு அங்குட்டு வேப்ப மரத்தைப் பார்த்துக்கிட்டு, ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி, "காலையில என்ன சமைச்ச புள்ள?"ன்னு கேட்டான்.

"அடப்பாவி மனுசா"ன்னு சத்யா சிரிச்சா. சிரிச்ச சிரிப்புல இருந்த மூச்செல்லாம் வெளிய வந்துருச்சு. அவன் சட்டுனு டேப்பைச் சுத்திப் படிச்சான். "முப்பத்தி நாலரை."

அவ ஆர்டர் நோட்டை விரிச்சு, முதல் தடவையாத் தன் பேரை எழுதினா. அரக்குத் துணியில ஒரு துண்டை வெட்டிப் பின் அடிச்சா. டெலிவரி தேதிங்கிற இடத்துல வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டா. வெள்ளிக்கிழமை மதியம் கடைசிக் கொக்கியை வச்சு முடிச்சா. அந்தத் தேதியை அவ அடிக்கலை.